நான் வரைந்த இரண்டாவது சிறகு

மூக்கை நேராக்குவதில் தென்காசியில் எனக்குப் போட்டியாக ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர் சொன்னது. அம்மைத் தழும்பை எடுப்பேன், மாறுகண்ணைச் சரிசெய்வேன், வழுக்கைக்கு முடி வைப்பேன். படத்தை நம்பிப் பெண்பார்க்க வரச்சொல்லிவிட்டு, நேரில் மாப்பிள்ளையைக் கண்ட பெண்வீட்டார் என் ஸ்டூடியோ மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்டதும் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது அந்தப் பிரஷ் வேலையைப் பற்றித்தான். என்ன மை, எத்தனாம் நம்பர் பிரஷ், வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று. அதை எவனும் கற்றுக்கொடுப்பான். பிரஷைக் கீழே வைக்கவேண்டிய இடம் எது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். ஒரு பெரிய தப்புச் செய்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கோயிலை ஒட்டிய ரத வீதியில், ஜவுளிக்கடைக்கு மேலே, என் ஸ்டூடியோ. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய அருவிப் பக்கம் போய்விடுவேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களை அருவி பின்னால் தெரியும்படி நிறுத்திப் படம் எடுப்பேன். வருஷம் பூராவும் சாப்பிடுவதற்கு அந்த மூன்று மாதம்தான் கைகொடுக்கும்.

எங்கள் தெருவில் ஆவுடையப்பன் அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் அவருக்கு நெல்வயல்கள். காலையில் வில்வண்டியில் வயலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். கண்டிப்பான மனுஷர், வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அவருக்கு ஒரே பையன், சண்முகவேல். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொல்லாமல் விமானப் படையில் சேர்ந்து ஆபீசராகிவிட்டான். முதலில் அண்ணாச்சி ஒரு மாதம் அவனுக்குக் கடிதம் எழுதவில்லை. அப்புறம் என்ன ஆயிற்றோ, ஊரில் ஒருத்தரை விடாமல் நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார்.

"எம் மவன் ஏரோப்பிளேன் ஓட்டுதான், தெரியுமாவே? வெள்ளைக்காரனுக்குச் சமமா உக்காந்து சாப்புடுதான்."

எங்கள் ஊரில் அப்போது ஏரோப்பிளேனைக் கிட்டத்தில் பார்த்தவன் எவனும் இல்லை. விமானப் படை என்றால் ஓட்டுவதுதானே என்று எல்லாரும் நினைத்தோம். அதைப் பற்றி மேற்கொண்டு கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சாரல் காலத்தில் சண்முகவேல் லீவில் வந்திருந்தான். குற்றாலத்தில் நான் கேமராவை மூடிப் பிடித்துக்கொண்டு, மழை விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, எண்ணெய் வழிய வந்து நின்றான்.

"ஏலே, யூனிபாரத்தோட வந்திருந்தா ஒரு படம் எடுத்திருப்பேம்லா?" என்றேன்.

"அருவியில குளிக்கதுக்கு யூனிபாரம் எதுக்கு அண்ணாச்சி? இன்னும் இருபது நிமிசத்துல மழ விட்டுரும். அப்பம் இப்படியே எடுங்க."

"நீ சொன்னா மழ விட்டுருமாக்கும்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மலையைக் காட்டினான். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனை வேகம் என்று என்னென்னவோ சொன்னான். இருபது நிமிஷத்தில் மழை விட்டதா என்றால், விட்டது. ஆனால் அதற்குள் மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் என்னைப் பிடித்துக்கொண்டது. "அடுத்த லீவுல எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். காசு கொடுக்கும் கூட்டத்தைப் பார்த்ததும் தெரிந்த பையனை ஒதுக்கி நிறுத்திவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அடுத்த லீவு வரவில்லை. மறுவருஷம் கோடையில், பர்மா எல்லையில் சண்முகவேல் இறந்துவிட்டான் என்று தந்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். யாரோ சிநேகிதன் எடுத்து, கடிதத்தோடு வந்த படம். யூனிபாரத்தோடு அவன் இருக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

"இதப் பெருசாக்கிக் குடு தம்பி. ஆளு உசுரோட நிக்க மாதிரி இருக்கணும். நம்மூருல அவன் படிச்ச பள்ளிக்கூடத்துல மாட்டணும்னு கேக்காவ."

யுத்தத்தால் பெரிய அளவுத் தாள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. என்னிடம் நல்ல தாள் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவனுக்காக எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கியதும் எல்லாம் மங்கல். தொப்பியை வரைந்தேன், பித்தானுக்கு வெளிச்சம் வைத்தேன், கண்ணுக்கு உயிர் கொடுத்தேன். இடது மார்பில், பைக்கு மேலே, விமானப்படைக்காரர் வைக்கிற சிறகுச் சின்னம். அதில் ஒரு சின்ன வட்டமும், அதிலிருந்து வெளிப்பக்கமாக நீண்ட ஒரு சிறகும் மட்டும்தான் தெரிந்தன. உள்பக்கம் கோட்டின் மடிப்பு நிழல். சரி, மற்றச் சிறகு நிழலில் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பத்திரிகையில் வந்த ஒரு விமானியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறகு இறகாக மறுபக்கத்தையும் வரைந்து முடித்தேன். இரண்டு சிறகும் அச்சில் வார்த்தது போல அமைந்தன. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையால் செய்த வேலைகளிலேயே அதுதான் உசத்தி என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அண்ணாச்சி வீடு என் ஸ்டூடியோவிலிருந்து எட்டாவது வீடு. அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் அங்கே இருந்தன. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், விமானப்படையில் இருக்கும் யாருக்காவது எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கத்தைப் பார்த்து வரைந்துவிடுவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. காது போனால் காது, மீசை போனால் மீசை.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணாச்சி அந்தச் சிறகுகளின்மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். கூடத்தில் மாட்டினார். பள்ளிக்கூடத்தில் மாட்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை படத்தைப் பார்க்க ஊரே வந்துபோனது.

அந்த நாளுக்கு நாலு நாள் முன்னால், புனலூரிலிருந்து மலை ரயிலில் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் தாமஸ். சண்முகவேலோடு ஒரே விமானத்தில் இருந்தவர், காயம்பட்டு லீவில் ஊருக்கு வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், யூனிபாரத்தில்தான் வந்திருந்தார். வலது கையில் முழங்கைவரை கட்டு. மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகனுடைய படத்துக்குக் கீழே அவரையும் தங்களையும் வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்.

நான் போனபோது தாமஸ் ஒரு சின்னப் பொட்டலத்தைச் சண்முகவேலின் அம்மா கோமதியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரை மதினி என்பேன். மதினி அதைப் பிரித்தார். உள்ளே ஒரு பேனா, ஒரு கைக்குட்டை, அப்புறம் கோட்டிலிருந்து பிரித்தெடுத்த துணிச் சின்னம். ஒரு வட்டம், ஒரு சிறகு. மதினி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதுல பாதி கிழிஞ்சு போச்சாய்யா?" என்று கேட்டார்.

தாமஸ் அப்போதுதான் தலையை நிமிர்த்திப் படத்தைச் சரியாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "ஆமா, அம்மே. கிழிஞ்சு போச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் துணி கிழிந்த துணி இல்லை. வட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓரம் மடித்து நெருக்கமாகத் தைத்திருந்தது. அந்தச் சின்னம் அவ்வளவுதான். தாமஸின் மார்பில் இருந்ததோ இரண்டு சிறகு, நான் வரைந்த அதே மாதிரி. எப்படியோ கேமராவின் கறுப்புத்துணிக்குள் தலையை விட்டுப் படத்தை எடுத்து முடித்தேன்.

தாமஸ் கைகழுவப் பின்கட்டுக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"சார், அது கிழியலயே" என்றேன்.

"நீங்களா வரைஞ்சது?"

"நாந்தான்."

"ஓட்டினது ஞான். அவன் பின்னாலே இருந்து வழி சொல்லுற ஆபீசர். அதுக்கு ஒரு சிறகுதான். சாரே, இனி ஒண்ணும் சொல்ல வேண்டா. அந்த மனுஷன் இதுவரை நாலு தடவை சொல்லியாச்சு, எம் மவன் பிளேன் ஓட்டினான்னு. அது அங்கனே இருக்கட்டே. ஞான் மூணு மணி வண்டிக்குப் போகும்."

நியாயமான பேச்சுதான். அன்பினால் சொன்னது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பேரும் கெடாது, அண்ணாச்சிக்கும் தலைகுனிவு இல்லை. பள்ளிக்கூடத்தில் படம் கம்பீரமாகத் தொங்கும். ஆனால் அது யாருடைய படம்? முகம் அவனுடையது, மார்பில் இருப்பது வேறொருவன் சம்பாதித்தது. அவன் என்ன செய்தான் என்று தெரிந்த ஒரே ஆள் மூணு மணிக்கு மலையேறிப் போய்விடுவார். அப்புறம் அதைச் சொல்ல இந்த ஊரில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். குற்றாலத்தில் என் காசுக்காக அவனை ஒருதரம் ஒதுக்கி நிறுத்தியவன் நான். இரண்டாம் தரமும் செய்ய எனக்கு மனசு வரவில்லை. தம்பிகளே, நான் வீரன் இல்லை. அந்தப் பின்கட்டிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் படத்துல உள்பக்கச் செறகு நானா வரைஞ்சது. சின்னப் படத்துல அது கெடையாது. தம்பிக்கு ஒரு செறகுதான்."

"ஒரு செறகா? அப்படின்னா?"

"தம்பி ஓட்டுனவன் இல்ல அண்ணாச்சி. ஓட்டுதவருக்கு வழி சொல்லுத ஆபீசர்."

அண்ணாச்சி எழுந்தார். என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். எம் மவன் ஓட்டுனான், ஓட்டுனான்னு. இப்பம் பின்னால உக்காந்து போனவன்னு சொல்லுதியா? பள்ளிக்கூடத்துல போயி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கட்டும்?"

தாமஸ் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, அண்ணாச்சி நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், நின்றபடியே பேசினார்.

"ஐயா, நீங்க கேக்கணும். அன்னிக்குத் திரும்பி வரும்போள் கீழேயிருந்து சுட்டாங்க. எஞ்சினிலே பட்டு எண்ணெய் முழுக்க என் முன்னால் கண்ணாடியிலே அடிச்சுது. எனக்கு ஒண்ணும் தெரியலை. சுற்றியும் மலை, மலை மேலே மேகம். ஓட்டுறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா அவன் என்ன ஓட்டுறது? சண்முகன் பின்னாலேயிருந்து வாச்சையும் மேப்பையும் பார்த்துச் சொல்லிக்கிட்டே வந்தான். இடது பக்கம் கொஞ்சம், இப்ப நேரா, இன்னும் மூணு நிமிஷம், இப்ப வலது. குரலிலே ஒரு மாற்றமும் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி சொன்னான். ரெண்டு மலைக்கு நடுவிலே ஒரு இடைவெளி உண்டு, அது வழியாக் கொண்டுவந்தான். ஞான் அந்த மலையைப் பார்க்கவே இல்லை."

மதினி தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இறங்கின பிறகு ஞான் திரும்பி, எடா, வந்தாச்சுன்னு சொன்னேன். பதில் இல்லை. அவனுக்கும் நெஞ்சிலே குண்டு பட்டிருந்தது, அந்த முதல் வெடியிலேயே. டாக்டர் பார்த்துட்டு, இவ்வளவு நேரம் எப்படிப் பேசினான்னு கேட்டார். எங்கிட்ட அவன் சொல்லவே இல்லை ஐயா. சொன்னா ஞான் பயந்துபோவேன்னு தெரியும் அவனுக்கு."

மதினி கேட்டார்: "கடைசியா என்னய்யா சொன்னான்?"

"இன்னும் ரெண்டு நிமிஷம், நேராப் போன்னு சொன்னான் அம்மே. ரெண்டு நிமிஷத்திலே மேகம் விலகி, பக்கத்துக் கண்ணாடியிலே தரை தெரிஞ்சுது."

மதினி அழவில்லை. அந்தத் துணிச் சின்னத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அண்ணாச்சி படத்துக்கு அருகில் போய் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படத்த எறக்கு. நீ சேத்தத எடுத்துரு. எம் மவனுக்கு நீ ஒண்ணும் சேக்க வேண்டாம்."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம்போல எதுவும் என்னை அறைந்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பையனை நினைத்தும் பெருமை, அந்தத் தகப்பனை நினைத்தும் பெருமை.

தாமஸை நானும் அண்ணாச்சியும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டோம். வண்டி கிளம்பும்போது அண்ணாச்சி அவருடைய கட்டுப்போடாத கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒரு எட்டு வந்துக்கிட்டிரும்" என்றார். அவரும் வருஷாவருஷம் சாரலுக்கு வந்துகொண்டிருந்தார்.

வேறு தாள் இல்லை. அதே படத்தில்தான் அழிக்கவேண்டும். பஞ்சை நனைத்து, தாள் உரிந்துவிடாமல், நான் வரைந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வரைவதற்கு ஒரு பகல் ஆனது, எடுப்பதற்கு மூன்று பகல். அண்ணாச்சி வயலுக்குப் போகாமல் மூன்று நாளும் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நான் வழவழப்பாக்கியதையும் எடுக்கச் சொன்னார். புருவத்துக்கு மேலே சின்ன வயசில் விழுந்த தழும்பு ஒன்று இருந்தது, அது மறுபடி வந்தது. எல்லாம் எடுத்த பிறகும் சிறகு இருந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு கறை நின்றுவிட்டது. நான் அதையும் பூசி மறைக்கட்டுமா என்று கேட்டேன். "தொடாத" என்றார்.

இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களிடம் வருகிற படத்தில் ஏதாவது குறையாகத் தெரியும். அது குறைதானா என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் பிரஷைத் தொடாதீர்கள். தப்புச் செய்துவிட்டால், சரியான விஷயம் தெரிந்த ஆள் ஊரைவிட்டுப் போவதற்குள் ஒத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் பேருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், சண்முகவேல் செய்த காரியம் மூணு மணி வண்டியோடு போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் படத்தை மாட்டிய அன்று நல்ல கூட்டம். வடகரையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் திரையை விலக்கினார். முன்வரிசையில் இருந்த ஒரு மளிகைக்கடைக்காரர் ஏற்கெனவே அந்தப் படத்தை வீட்டில் பார்த்தவர். சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, படத்துல ஒரு பக்கம் அழிஞ்சு போயிருக்கே? ஸ்டூடியோக்காரன் கெடுத்துட்டானா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அழியல. அது அவ்வளவுதான். ஏரோப்பிளேன் ஓட்டுனான்னு ஒங்க எல்லார்ட்டயும் நாந்தான் சொன்னேன், தெரியாமச் சொல்லிட்டேன். எம் மவன் ஓட்டல. ஓட்டுதவனுக்குக் கண்ணு தெரியாமப் போனப்பம், நெஞ்சுல குண்ட வாங்கிக்கிட்டு, அவன மல தாண்டிக் கொண்டாந்து வீட்டுல சேத்தான். புனலூர்ல ஒரு தாய்க்கு இன்னைக்குப் புள்ள இருக்கு."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் எழுந்து நின்றது. மளிகைக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார்.